காற்றைப் பார்த்துப் பறவை பார்க்கப் போவது

பறவை எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் தேதி சொல்வதில்லை, காற்றைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கிறேன். சுற்றிலும் கரும்பு, கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். இங்கே அம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றி முடிக்கும் சமயத்தில் மஞ்சள் மூக்குப் பருந்து வந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் அந்தக் கூழ் ஊற்றுவதை போரிட்ஜ் பிரேயர் என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை. அக்டோபருக்குள் செம்மார்புக் குயில் விடியற்காலையில் கத்தத் தொடங்கிவிடும், அதை ஒட்டியே ஐரோப்பாவிலிருந்து தகைவிலான் குருவிகள் வரும். மாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்த வாரம், எந்தக் காலை, அலாரம் வைத்து எழுந்திருப்பதா போர்த்திக்கொண்டு தூங்குவதா என்பதற்கெல்லாம் காலண்டர் உதவாது. வானிலை அறிக்கை உதவும், அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வானிலையால்தான் பறவை வலசை போகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. போகும் பருவத்தை முடிவு செய்வது பெரும்பாலும் பகலின் நீளமும், பறவையின் உடம்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் கணக்கும்தான். 1920களில் கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன் என்ற ஆய்வாளர் சின்னக் குருவிகளைக் கூண்டில் வைத்து, கடுங்குளிர்காலத்தில் விளக்கு வெளிச்சத்தால் அவற்றுக்குப் பகலை நீட்டிக் கொடுத்தார். வெளியே உறைபனி, ஆனால் குருவிகளின் உடம்பு வசந்தம் வந்துவிட்டது என்று மாறத் தொடங்கியது. ஆக, மூட்டை முடிச்சைக் கட்டச் சொல்வது பகலின் நீளம், எந்த நாள் வண்டி ஏறுவது என்பதைத் தீர்மானிப்பது காற்றும் மழையும். இரண்டாவதைத்தான் போனில் பார்த்து ஊகிக்க முடியும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினர் நடத்தும் பேர்ட்காஸ்ட் என்ற திட்டம், இன்றிரவு எந்தப் பக்கம் எவ்வளவு பறவை பறக்கும் என்று மழை வரைபடம் மாதிரியே வண்ணம் பூசிக் காட்டும். 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வுதான் அதற்கு அடித்தளம்: 143 வானிலை ரேடார்களில் 23 ஆண்டுகளாகச் சேர்ந்த வசந்தகாலப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, வானிலை விவரங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். இரவுக்கு இரவு பறவைகளின் அளவு ஏறி இறங்குவதில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அந்த மாதிரியால் விளக்க முடிந்தது. அதில் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது காற்றின் வெப்பநிலை. உச்சமான இரவுகளில் அந்த நாட்டு வானத்தில் 50 கோடிப் பறவைகளுக்கு மேல் பறக்கின்றன என்ற கணக்கும் அதில் வந்தது. மழைக்கு வைத்த ரேடாரில் பறவையா என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரிலேயே பிரிட்டிஷ் ரேடார்காரர்கள் விமானமும் இல்லை, மேகமும் இல்லை என்று திரையில் நகர்ந்த புள்ளிகளைப் பார்த்துக் குழம்பி ‘ஏஞ்சல்’ என்று பெயர் வைத்தார்கள். அது பறவைக்கூட்டம் என்று டேவிட் லாக், ஜார்ஜ் வார்லி என்ற இரண்டு பேர் எடுத்துச் சொன்னார்கள்.

போனைத் திறந்தால் கிடைக்கிற மாதிரி அப்படி ஒரு வரைபடம் நமக்கு இங்கே இல்லை. அதனால் கைக்கணக்குதான். எனக்கு அந்தக் கைக்கணக்கைச் சொல்லிக்கொடுத்தது பறவை ஆர்வலர் யாருமல்ல, பக்கத்து வீட்டு அங்கிள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நாலாவது தலைமுறை; பேச்செல்லாம் ஆங்கிலம், இடையிடையே ‘தம்பி’யும் ‘அய்யோ’வும் மட்டும் தமிழ். லா மெர்சி, உம்ட்லோட்டி கடற்கரைகளில் தூண்டில் போடுவதுதான் அவருக்கு வாழ்க்கை. பறவையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், ஆனால் காற்றை விடமாட்டார். “நார்த்-ஈஸ்டர் ரெண்டு மூணு நாளா ஏறிட்டே போகுதா, தம்பி, அப்போ பின்னாடி சவுத்-வெஸ்டர் வருதுன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி தூண்டில சுருட்டிடு” என்கிற பொருளில் ஆங்கிலத்தில் சொல்வார். டர்பன் வசந்தத்தின் மொத்த வானிலையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். அங்கே வாடை என்றால் மார்கழி நடுக்கம், கோடியக்கரைக்குப் பறவைகள் வந்து இறங்கும் காலம். இங்கே பூமியின் அடுத்த பாதி, எல்லாம் தலைகீழ். வடக்கிலிருந்து வரும் காற்று வெதுவெதுப்பு, தெற்கிலிருந்து வருவது குளிர். தென்கடலில் உருவாகும் கோல்ட் ஃப்ரண்ட், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு, முதலில் கேப் டவுனை நனைக்கும், அப்புறம் கரையோரமாகவே கெபெர்ஹா, ஈஸ்ட் லண்டன் என்று ஏறி ஒன்றிரண்டு நாளில் நம்மிடம் வரும். அது வருவதற்கு முன்னால் இங்கே காற்றழுத்தம் இறங்கும், வடகிழக்குக் காற்று வலுக்கும். சில நாள், குறிப்பாக ஆகஸ்டில், மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்று இறங்கி குளிர்காலத்திலேயே முப்பது டிகிரியைத் தாண்ட வைக்கும். பிறகு ஒரே திருப்பம்: தென்மேற்குக் காற்று, வெப்பநிலை மளமளவென்று இறங்கும், ஒன்றிரண்டு நாள் தூறல்.

இப்போது பறவையின் இடத்திலிருந்து யோசியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அது வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. அதற்குப் பின்காற்று வேண்டும், அதாவது வடக்குக் காற்று. தகைவிலான் சுமார் இருபது கிராம் எடையுள்ள பிராணி. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரைக்கு மேல் 55, அதே காற்று முகத்தில் அடித்தால் 15. அதே உழைப்பு, அதே கொழுப்புச் செலவு, ஏறக்குறைய நாலு மடங்கு வித்தியாசம். யாராக இருந்தாலும் எந்த நாளில் கிளம்புவார்கள்? அமெரிக்காவில் வசந்தத்தில் ஃப்ரண்ட் வருமுன் வீசும் தெற்குக் காற்றில் பறவைகள் வடக்கே ஏறும். நம்மிடம் ஃப்ரண்ட் வருமுன் வீசும் வடக்குக் காற்றில் தெற்கே இறங்கும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அதே விதி.

சரி, அப்படியானால் வாடை அடிக்கும் நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் போதுமே என்று தோன்றும். புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாறுவார்கள். நல்ல பின்காற்று இருக்கும் நாளில் பறவை மேலே ஏறிவிடும், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் நம் தலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். கீழே இறங்க அதற்கு என்ன தலையெழுத்து? வானம் பளிச்சென்று இருக்கும், காற்று இதமாக இருக்கும், பைனாக்குலரில் ஒன்றும் இருக்காது. பறவைக்கு நல்ல நாள் நமக்கு நல்ல நாள் கிடையாது. நமக்கு வேண்டியது அந்த நல்ல நாட்கள் முடிகிற விளிம்பு. இரண்டு மூன்று நாள் வாடையில் வந்துகொண்டே இருந்த கூட்டம், தென்மேற்கு திடீரென்று எதிரே வந்து முட்டும்போது கீழே இறங்கியாக வேண்டும். எதிர்காற்று தரையை ஒட்டினால்தான் குறையும், மழையில் பறக்கவும் முடியாது, மேலே பூச்சியும் கிடைக்காது. ஃப்ரண்ட் வருவதற்கு முந்தைய சில மணி நேரமும், வந்து அடித்த முதல் மணி நேரமும்தான் சாப்பாடு.

போன அக்டோபரில் அப்படி ஒரு மத்தியானம். கரும்புக்கு நடுவில் போகும் டிராக்டர் பாதை, ஒரு பக்கம் வெட்டி முடித்த வயல், இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்கு நிற்கும் கரும்பு. வடகிழக்கு செத்துப்போய் ஒரு இலை அசையவில்லை. தெற்கே கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு கோடு. தட்டான்கள் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டிருந்தன. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை பெய்யும் என்று ஊரில் சொல்வார்களே, தப்பாமல் என்பது அதிகப்படி, ஆனால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. தட்டான் எங்கேயோ அங்கேதான் சின்னப் பூச்சியும், பூச்சி எங்கேயோ அங்கேதான் தகைவிலானும். வெட்டிய வயலின் மேல் ஒவ்வொன்றாக வந்தவை கொஞ்ச நேரத்தில் ஓயாத வரிசையாகிவிட்டன, எல்லாம் தெற்கே முகம் வைத்து, தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை, என் காலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போயின. காற்று திரும்பியதும் ஒரு நொடி எல்லாம் பக்கவாட்டில் சரிந்தன. வேலிக் கம்பியில் வந்து உட்கார்ந்தவற்றைக் கிட்டத்தில் பார்த்தேன்: முதுகில் இருக்க வேண்டிய நீலப் பளபளப்பு மங்கி, இறக்கை நுனிகள் தேய்ந்து பழுப்பாகி, சிலவற்றுக்கு வாலின் நீளக் கம்பியே இல்லை. தொண்டைச் சிவப்பு வெளுத்திருந்தவை இந்த வருஷக் குஞ்சுகள். ஐரோப்பாவிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் போட்டு வந்த சட்டை அது. இனி இங்கே இருக்கும் மாதங்களில்தான் இறகுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளும்.

அறிக்கையில் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது விண்டி என்ற வானிலை ஆப், காரணம் அதில் உயரம் மாற்றிப் பார்க்கலாம். தரைமட்டக் காற்றை மட்டும் பார்த்தால் கடற்கரை ஊர்களில் கண்டிப்பாகக் குழம்பும். பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று என்று அது தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். 850 ஹெக்டோபாஸ்கல் என்று காற்றழுத்த அளவை வைத்துப் பெயரிட்ட ஒரு அடுக்கு இருக்கிறது, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் பெரிய சேதி. அடுத்து, நம்ம ஊர் மழையை விடுங்கள், வரும் வழியில் மழை இருக்கிறதா என்று பாருங்கள். மொசாம்பிக், லிம்போபோ, ஜூலுலாந்து பக்கம் இரண்டு நாளாக அடைமழை என்றால் இங்கே எவ்வளவு அருமையான வாடை அடித்தாலும் வர ஆள் இருக்காது, எல்லாம் வழியில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, ஃப்ரண்ட் டர்பனுக்கு வரும் மணி. தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் அறிக்கை இதில் நன்றாகவே சொல்லும், மூன்று நாள் முன்பே நம்பலாம், அதற்கு மேல் என்றால் ஜோசியம் மாதிரிதான் எடுத்துக்கொள்வேன். பகலில் வருமா இரவில் வருமா என்பதும் முக்கியம். இரவு இரண்டு மணிக்கு ஃப்ரண்ட் வந்தால் யாருக்கு என்ன லாபம்.

இன்னொன்று, முதல் நல்ல வசந்த மழைக்கு அடுத்த மாலை. அறிக்கையில் காற்று எப்படி இருந்தாலும் அதை விடாதீர்கள். புற்றிலிருந்து ஈசல் கிளம்பும், பருந்து முதல் தகைவிலான் வரை அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லாம் அதற்கு மேல் கூடிவிடும். வலசை கணக்கில் இது சேராது, ஆனால் வந்து சேர்ந்தவை யார் யார் என்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

செம்மார்புக் குயிலுக்கு இந்தச் சூத்திரம் அவ்வளவாக ஒத்துவரவில்லை என்பது என் அபிப்பிராயம். அது ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வலசை போகும் பறவை. இலை மறைவில் இருக்கும், கத்தினால்தான் வந்தது தெரியும், வந்த அன்றே கத்த வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. ஜூலு விவசாயிகள் அதை உபெசுகோம்கோனோ என்பார்கள், அதன் குரல் கேட்டால் உழவுக்கு நேரம் என்று கணக்கு. அவர்கள் மழையைத் தெரிந்துகொள்ள பறவையைக் கேட்கிறார்கள், நான் பறவையைத் தெரிந்துகொள்ள மழையைக் கேட்கிறேன்.

இங்கே இருப்பவர்களுக்கு இன்னொரு வசந்தமும் உண்டு, அது ஏப்ரலில். நமக்கு இலையுதிர், தகைவிலானுக்கு ஊருக்குத் திரும்பும் வசந்த வலசை. புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும் அந்த வாரங்களில்தான் இவை கிளம்பும். அப்போது சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும்: ஃப்ரண்ட் வந்து, மழை விட்டு, அழுத்தம் ஏறி, தெற்குக் காற்று நிதானமாக வீசும் காலைதான் கிளம்பும் காலை. புது இறகு, உடம்பில் கொழுப்பு, பின்னால் காற்று. ஆனால் இதைச் சரிபார்ப்பது நினைப்பதுபோல் சுலபமில்லை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மவுண்ட் மோர்லாண்டில் ஒரு நாணல் சதுப்பு இருக்கிறது, நல்ல பருவத்தில் முப்பது லட்சம் தகைவிலான்கள் இரவில் அடையும் இடம் என்று சொல்வார்கள். எல்லாப் பருவமும் அப்படி இருப்பதில்லை. 2010 மே மாதம் பக்கத்திலேயே கிங் ஷாக்கா விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே இந்தக் குருவிகளைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்து, கூட்டம் எங்கே எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே ரேடார் வைத்தார்கள். ஏப்ரலில் தெற்குக் காற்று வந்த மறுநாள் மாலை அங்கே போய் நின்றால் கூட்டம் குறைந்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். பல முறை குறையாது, சில நாள் கூடியும் இருக்கும். இங்கிருந்தவை கிளம்பிப்போன அதே காற்றில் ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து கிளம்பியவை வந்து இறங்கியிருக்கும், அவ்வளவுதான். தங்குமிடத்தில் எண்ணுவது வரவில் செலவு போக மிச்சம், கிளம்பியவற்றின் கணக்கு இல்லை.

இவை எங்கிருந்து வருகின்றன என்பதே ஒரு காலத்தில் தெரியாது. 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் மேஸ்ஃபீல்ட் என்பவர் தன் வீட்டில் கூடு கட்டிய தகைவிலானுக்குக் காலில் வளையம் போட்டார். 1912 டிசம்பரில் அந்த வளையத்தோடு அது கிடைத்தது நம்ம நேட்டால் மாகாணத்தில், உட்ரெக்ட் பக்கம் ஒரு பண்ணையில். பிரிட்டனில் வளையம் போட்ட குருவி இவ்வளவு தெற்கே வருகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். இப்போது பிரிட்டன் முதல் சைபீரியா வரை பல ஊர்க் குருவிகளும் தென்னாப்பிரிக்காவில் கலந்திருக்கின்றன என்று தெரியும். அப்படியென்றால் ஒரே நாணலில் பக்கத்துப் பக்கத்தில் தூங்கும் இரண்டு குருவிகளுக்குக் கிளம்பும் தேதி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் கணிப்பு அக்டோபர் கணிப்பைவிட எப்போதும் கொஞ்சம் தளர்வாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

கணிப்பு எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டர்பனில் நல்ல காற்று பார்த்துக் கிளம்பும் குருவிக்கு கிரீஸ் நாட்டு வானிலை தெரியாது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஏஜியன் கடல் பக்கம் கடும் வடக்குக் காற்றும் குளிரும் சேர்ந்து, ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தகைவிலான்களும் உழவாரக் குருவிகளும் ஆயிரக்கணக்கில் ஏதென்ஸ் தெருக்களிலும் மாடிகளிலும் செத்து விழுந்தன. 1974 இலையுதிரில் ஐரோப்பாவில் முன்கூட்டியே குளிர் வந்து மாட்டிக்கொண்ட தகைவிலான்களைப் பெட்டிகளில் அடைத்து ரயிலிலும் விமானத்திலும் ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். நம்ம பக்கமும் குறைவில்லை. 2019 மார்ச்சில், அமூர் வல்லூறுகள் கிளம்புவதற்குத் தயாராக நியூகாசில், மூய் ரிவர் மரங்களில் கூட்டமாக அடைந்திருந்தபோது ஆலங்கட்டி மழை அடித்து ஏராளமாகச் செத்தன. நாகாலாந்து வழியாக வந்து அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டும் பறவை, கடைசியில் ஒரு மாலை ஆலங்கட்டிக்குப் போனது. ஆலங்கட்டி எந்தக் கிராமத்தில் விழும் என்று எந்த ஆப்பும் முந்தின நாளே சொல்லாது. கட்-ஆஃப் லோ என்ற வகைக் காற்றழுத்தத் தாழ்வும் அப்படித்தான், ஃப்ரண்ட் மாதிரி வரிசையில் வராது, நினைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 2022 ஏப்ரலில் டர்பனை மூழ்கடித்து நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது அதுதான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வாரம் இங்கே யாரும் குருவியைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் கூடாது.

இந்த வாரத்துக்கு வருவோம். நேற்றிலிருந்து வடகிழக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, 850 அடுக்கிலும் வடக்குதான், மொசாம்பிக் பக்கம் மழை இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியை ஒட்டி தென்மேற்கு திரும்பும் என்று காட்டுகிறது, அழுத்தமும் ஒத்துப்போகிறது. அதனால் வியாழக்கிழமை வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலைக்குப் போங்கள். வெள்ளி மதியம் ஒரு மணிக்கு மேல் கரும்பு வெட்டி முடித்த வயல் ஏதாவது ஒன்றின் ஓரத்தில் நில்லுங்கள். டோங்காட் பக்கம் இருப்பவர்கள் ஆற்று முகத்துவாரத்துக்கே போகலாம். தோட்டத்துப் பாதைகளில் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள், மழைக்கோட்டு கண்டிப்பாக வேண்டும். அங்கிள் தூண்டிலைப் பன்னிரண்டு மணிக்கே சுருட்டிவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.